உயரத்தை வைத்து மலை நீர்ப்பிடிப்புப் பகுதியின் மழையைக் கணக்கிடுவது எப்படி?

மேலே போகப் போக மழை கூடும் என்று நம்பி, அடிவார மழைமானிகளின் அளவுகளை வைத்து ஒரு நேர்கோடு போட்டு அதைச் சிகரம் வரை நீட்டிவிட்டேன். அந்த மழையில் ஆவியாவது போக ஆற்றில் வரவேண்டிய நீர், உண்மையில் அளந்ததைவிட மிக அதிகமாக வந்தது. பிழை எங்கே என்று பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

முதலில் எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த நில உயரங்கள்) 30 மீட்டர் உயரத் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீர்ப்பிடிப்பு எல்லையை வரைந்துகொள்ளுங்கள். இலவசம், இந்த வேலைக்கு இதுவே போதும்.

அடுத்து, மழைமானிகளை காற்று மோதும் சரிவு, மழைமறைவுச் சரிவு என இரண்டாகப் பிரியுங்கள். ஒரே உயரத்தில் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு உலகம். கலந்தால் வரைபடத்தில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

இப்போது ஒவ்வொரு சரிவுக்கும் உயரம் ஒரு அச்சு, ஆண்டு மழை மறு அச்சு. நான் இடறியது இங்கேதான். காற்று மலையேறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டும், சரி, ஆனால் வெப்பமண்டலத்தில் ஈரத்தின் பெரும்பகுதி தாழ்ந்த அடுக்குகளிலேயே இருப்பதால் ஓர் உயரத்துக்கு மேல் கொட்டுவதற்கு ஈரம் மிஞ்சாது, கோடு வளைந்து இறங்கும். கிளிமஞ்சாரோவின் தெற்குச் சரிவில் உச்ச மழை ஏறக்குறைய 2200 மீட்டரில். சிகரமோ 5895 மீட்டர். ஹவாயில் 2000 மீட்டரை ஒட்டி வெப்பத் தலைகீழ் அடுக்கு (கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று) மேகத்தை மூடிபோல அழுத்திவிடுவதால், 4207 மீட்டர் உயர மௌனா கேயா உச்சி வறண்டு கிடக்கிறது. அதனால் உங்கள் உயரமான மழைமானிக்கு மேலே கோட்டை நீட்டாதீர்கள்.

கடைசியாக, நீர்ப்பிடிப்பை உயரவாரியாகப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் மழைக்கும் அதன் பரப்பால் எடை கொடுங்கள். உதாரணத்துக்கு: கீழ்ப்பட்டை 20% பரப்பு, 1500 மி.மீ.; நடு 50%, 2800; மேல் 30%, 2000. எடையிட்ட சராசரி 2300 மி.மீ., வெறும் சராசரி 2100. அந்த 200 மி.மீ., 100 சதுர கி.மீ. பரப்பில் 2 கோடி கன மீட்டர் நீர்!

மழைமானி குறைவென்றால் சிர்ப்ஸ் என்ற, செயற்கைக்கோளையும் மழைமானிகளையும் இணைத்துக் கணித்த மழைத் தரவு 1981 முதல் கிடைக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் சுமார் 5.5 கி.மீ., அதற்குள்ளேயே மலை 1000 மீட்டர் ஏறிவிடலாம். ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பின்சேர்க்கை: புள்ளிகள் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். மழைமானியின் இருப்பிடத்தைச் சரிபாருங்கள். பழைய பதிவுகளில் அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பாகையும் (டிகிரி) கலையும் (நிமிடம்) மட்டுமே இருக்கும். ஒரு கலை என்பது ஏறக்குறைய 1.8 கி.மீ., செங்குத்துச் சரிவில் அதுவே பல நூறு மீட்டர் உயர வித்தியாசம். பதிவேட்டில் உள்ள உயரமும் எஸ்ஆர்டிஎம் உயரமும் 100 மீட்டருக்கு மேல் விலகினால் அந்தப் புள்ளியை ஒதுக்கிவைத்து இடத்தைத் தேடுங்கள். அப்புறம், மேகக்காடு உள்ள பகுதியில் இலைகள் மூடுபனியிலிருந்து பிடிக்கும் நீர் மழைமானியில் விழாது, அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.