நீச்சல் குளத்தில் கண் ஏன் சிவக்கிறது?

குளித்துவிட்டு வந்ததும் கண் எரிந்தால், "குளோரின் அதிகமாகக் கொட்டிட்டாங்க" என்பார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. வியர்வை, உடம்பு எண்ணெய், சிறுநீர் (ஆமாம், அதுவும்தான்) ஆகியவற்றோடு குளோரின் சேரும்போது குளோரமைன் உண்டாகிறது. கண்ணைக் கரிக்க வைப்பது அதுதான். மூக்கைத் துளைக்கும் அந்த 'குளோரின் வாசனை'யும் அதனுடையதே. ஆகவே நெடி தூக்கலாக இருந்தால் குளம் சுத்தம் என்று நினைத்து இறங்க வேண்டாம்.

தண்ணீரின் பிஎச் அளவு (அமிலத்தன்மையா காரத்தன்மையா என்று காட்டும் எண்) 7.2 முதல் 7.8க்குள் இருக்க வேண்டும். நம் கண்ணீரின் அளவும் ஏறக்குறைய 7.4தான், இதிலிருந்து விலகினாலும் எரியும். குளத்தைப் பராமரிப்பவரிடம் இன்றைய அளவைத் தயங்காமல் கேளுங்கள்.

இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நன்றாகக் குளியுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே குதிப்பது மற்றவர்களுக்கும் தொல்லை. முகத்தில் சரியாகப் பொருந்தும் நீச்சல் கண்ணாடி அவசியம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் தங்கி, பார்வையையே பாதிக்கும் தொற்றைத் தரக்கூடும்.

எரிச்சல் வந்துவிட்டதா? தேய்க்காமல் நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தும் இதம் தரும். மறுநாளும் சிவப்பு குறையவில்லை, வலிக்கிறது, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது என்றால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.