ஓடைக் கோபி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளோரின் நீக்குவது, தொட்டியை முதிரவிடுவது (கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வளரும்வரை மீன் விடாமல் காத்திருப்பது) எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன். தெற்குச் சீனா, ஹாங்காங், வட வியட்நாம் ஓடைகளில் வாழும் ரைனோகோபியஸ் டுவோஸ்பிலஸ் என்ற சின்னக் கோபி மீனைப் புதிதாக வாங்குபவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கூத்தையே மறுபடி செய்கிறார்கள். நாலைந்து சென்டிமீட்டர் மீன்தான். விலையைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

ஐஸ் பாட்டிலை நம்புவது

இதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. 25 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மீனைச் சென்னை வெயிலில் வாங்கிவைத்துவிட்டு, மதியம் தண்ணீர் 31-ஐத் தொட்டதும் ஃப்ரீசரிலிருந்து பாட்டிலை எடுத்துப் போடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தினமும் அப்படிச் செய்தார். மதியம் இறங்கிய சூடு மாலையில் திரும்ப ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கமே மீனைத் தளர்த்திவிட்டது. வேகமாக மூச்சு வாங்கியதை நோய் என்று நினைத்து மருந்தும் ஊற்றினார். அப்புறம் என்ன, தொட்டி காலி.

20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். சூடு கூடினால் மீனுக்குத் தேவையான ஆக்சிஜனும் கூடும். ஆக, இரு பக்கமும் அடி. நீர்மட்டத்தின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாதலால் சூடு சில டிகிரி குறையும். ஆனால் ஈரக்காற்று வீசும் கடலோர ஊரில் அந்தப் பலன் குறைவு. அங்கே சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டும், இல்லையென்றால் எப்போதும் ஏசி ஓடும் அறை. இரண்டும் முடியாதா? வாங்காதீர்கள். மீன் வந்தபிறகு சில்லருக்குப் பணம் சேர்க்கலாம் என்பது கதைக்கு ஆகாது.

ஹீட்டர்

தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அசையாத நீர்

ஏர் பம்ப் குமிழி மட்டும் போதாது. தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீர் ஓட வேண்டும்.

உலர்தீனி மட்டும்

இது பூச்சிப்புழு தின்னும் மீன். பெரும்பாலும் உலர்தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ரத்தப்புழு, டாப்னியா, ஆர்டீமியா (பின்னிரண்டும் மிகச் சிறிய நீர்வாழ் உயிரிகள்) கொடுங்கள்.

இரண்டு ஆண், ஒரே குகை

சண்டைதான்.

முட்டையைப் பார்க்கக் கல்லைத் தூக்குவது

கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளை ஆண் மீன்தான் காக்கும். பல கோபிகளின் குஞ்சுகளைப் போல இவை கடலுக்குப் போக வேண்டியதில்லை; நன்னீரிலேயே வளரும். ஆர்வத்தில் கல்லைப் புரட்டினால் ஆண் மிரண்டு முட்டையைத் தின்றுவிடலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், அது போதும்.