பழைய கரி பாய்லரைக் கழற்றுவது எப்படி: இங்கிலாந்து வீடுகளுக்கான செய்முறை

கேஸ் லைன் வராத இங்கிலாந்து கிராமங்களில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெளியே ஆயில் பாய்லர் ஓடும். உள்ளே கணப்படுப்புக்குப் பின்னால், முன்பு இருந்தவர்கள் கரி போட்டு எரித்த பாய்லரும் அறைகளைச் சூடாக்கும் அதே ரேடியேட்டர் தண்ணீரோடு இணைந்தே இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சாதாரண நிலக்கரியை வீட்டு உபயோகத்துக்கு விற்கக் கூடாது என்று 2023 மே 1 முதல் இங்கே தடை. புகையில்லாக் கரி கிடைக்கும் என்றாலும் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எடுத்துவிட முடிவு செய்தோம்.

"தீ மூட்டாமல் விட்டால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. பைப்பை வெட்டி, பாய்லரின் வாய்களை அடைத்து, அங்கேயே விட்டுவிடுவது மிக ஆபத்தான வழி. உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும். வீடு கைமாறி, விவரம் தெரியாத யாரோ கணப்பில் தீ மூட்டினால் அது நீராவியாகும். வெளியேற வழி இல்லாததால் வார்ப்பிரும்பே வெடித்துச் சிதறும். பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையமான ஹெச்எஸ்இ இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்திருக்கிறது. பாய்லரை வெளியே எடுக்கவே முடியாவிட்டால் வாய்களைத் திறந்தே விடுங்கள், உடம்பிலும் பெரிய துளைகள் போட்டுவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பரணில் தண்ணீர்த் தொட்டி உள்ள திறந்த அமைப்புக்கு மட்டும். பாய்லர் அருகே அழுத்த மானி இருந்தால் உங்களுடையது வேறு வகை.

முதலில் பைப்புகளைத் தேடுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

பரணில் இரண்டு தொட்டிகள் இருக்கும். பெரியது குழாய்த் தண்ணீருக்கு. சிறியதுதான் ரேடியேட்டர்களுக்கு. சிறிய தொட்டியின் அடியிலிருந்து ஒரு பைப் கீழே இறங்கும். அதுதான் ஃபீட், குறையும் தண்ணீரை நிரப்புவது. தொட்டிக்கு மேலே இன்னொரு பைப் கொக்கி போல வளைந்து நிற்கும், அது வென்ட். பாய்லர் கட்டுப்பாடு இழந்து கொதித்தால் நீராவி அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்த இரண்டும் கீழே எங்கே போய்ச் சேர்கின்றன? பல பழைய வீடுகளில் முதலில் வந்தது கரி பாய்லர். அதனால் வென்ட்டும் ஃபீட்டும் அதன் தடித்த 28 மி.மீ. பைப்புகளிலேயே சேர்ந்திருக்கும். பின்னால் வந்த ஆயில் பாய்லரை அதே பைப்புகளில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு ஒட்டியிருப்பார்கள். கரி பாய்லர்தானே போகிறது என்று அந்தத் தடித்த பைப்புகளைச் சுடுதண்ணீர்ச் சிலிண்டர் இருக்கும் அலமாரியிலேயே வெட்டி அடைத்தால், ஆயில் பாய்லருக்கு வென்ட்டும் இல்லை, ஃபீட்டும் இல்லை. சூடான தண்ணீர் விரிவதற்கு இடமே இல்லாத மூடிய பெட்டியாகிவிடும்.

அதனால் பரணிலிருந்து தொடங்குங்கள். வென்ட்டுக்குச் சிவப்பு டேப், ஃபீட்டுக்கு நீல டேப். தென்படும் இடமெல்லாம் சுற்றிக்கொண்டே கீழே வாருங்கள். பைப் பலகைக்கு அடியில் போய் மறைந்தால் அந்தப் பலகையைப் பெயர்த்துப் பாருங்கள், ஊகித்துக்கொண்டு தாண்டாதீர்கள். இரண்டும் சேரும் டீ கிடைத்ததும் விஷயம் எளிது: அந்த டீக்கும் கரி பாய்லருக்கும் நடுவில், டீக்கு நெருக்கமாக வெட்ட வேண்டும். நீளமான துண்டை விட்டுவைத்தால் அதில் தண்ணீர் தேங்கிச் சகதி சேரும்.

டீ கணப்படுப்புக்குள்ளேயே இருந்தால் வென்ட்டையும் ஃபீட்டையும் இடம் மாற்றத்தான் வேண்டும். ஆயில் பாய்லரிலிருந்து புறப்படும் பைப்பில் முதலில் வென்ட், அடுத்த 150 மி.மீ.க்குள் ஃபீட், அதன் பிறகே பம்ப். பாய்லருக்கும் வென்ட்டுக்கும் இடையே எந்த வால்வும் கூடாது. இந்தப் பகுதியை ஆயில் பாய்லர் வேலைக்கான ஆஃப்டெக் அமைப்பில் பதிவு பெற்றவரிடம் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

தண்ணீரை வடிப்பது

கணப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். பாய்லர், பம்ப் இரண்டுக்கும் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். தொட்டி மறுபடி நிரம்பாமல் இருக்க, சிறிய தொட்டியின் மிதவையை, மேலே குறுக்காக வைத்த ஒரு கட்டையில் தூக்கிக் கட்டுங்கள். கீழ்த்தள வடிகால் முனையில் ஹோஸ் மாட்டி வெளியே விடுங்கள். தொட்டி காலியானதும் மாடி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகைத் திறந்தால் மீதியும் இறங்கும். அப்புறமும் கரி பாய்லருக்குள் தண்ணீர் இருக்கும், அதுவும் மை போலக் கறுப்பாக. கம்பளத்தில் பட்டால் போகாது.

வெட்டுவதும் எடுப்பதும்

செம்புப் பைப்புக்கு, சுற்றிச் சுற்றி வெட்டும் சின்ன பைப் ஸ்லைஸ்தான் சிறந்தது. அடைப்பதற்கு, ஸ்பேனரால் இறுக்கும் கம்ப்ரஷன் மூடி. ஈயப்பற்று வேண்டாம், பைப்பில் துளித் தண்ணீர் இருந்தாலும் சரியாகப் பிடிக்காது. பாய்லரின் இரும்பு மரைகளோடு மல்லுக்கட்டாதீர்கள், அவை துருவில் ஒன்றாகிப்போயிருக்கும். முன்னும் பின்னும் ஓடும் ரெசிப்ரோ மின் ரம்பத்தால் பைப்பையே அறுத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய பாய்லரைச் சுற்றியுள்ள கயிறு, பலகை, சிமெண்ட் புகைக்குழாய் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999இல்தான். சந்தேகம் வந்தால் உடைக்காதீர்கள், பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பாய்லரைத் தூக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். பழைய இரும்புக் கடையில் போடலாம், ஆனால் ரொக்கம் தர மாட்டார்கள். 2012 டிசம்பர் முதல் சட்டம் அப்படி. வங்கிக் கணக்கு விவரம் கொண்டுபோங்கள்.

திரும்ப நிரப்புவது

வடிகாலையும் காற்றுத் திருகுகளையும் மூடி, துரு தடுக்கும் இன்ஹிபிட்டரைச் சிறிய தொட்டியில் ஊற்றி, மிதவையை அவிழ்த்துவிடுங்கள். கீழ்த்தள ரேடியேட்டரிலிருந்து மேல்நோக்கிக் காற்றை எடுங்கள்.

தொட்டி நிரம்பியும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வராமல் நிற்கலாம். காற்று அடைத்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஃபீட் வந்து சேரும் அந்த டீயின் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. எங்கள் வீட்டில் நச்சென்று ஒட்டியது, பைப்பின் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும். உள்ளே கறுப்பு இரும்பு ஆக்சைடு இறுகிக் கல்லாகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டை வெட்டிப் புதுசு போட்டதும் தண்ணீர் சரசரவென்று இறங்கியது.

பம்ப் ஓடும்போது பரணுக்கு ஏறி வென்ட் முனையைப் பாருங்கள். அதிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் கொட்டினால், வென்ட், ஃபீட், பம்ப் வரிசையில் கோளாறு இருக்கலாம். உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

சிம்னி: ஆள் வைத்துச் சுத்தம் செய்து, மேலே காற்றுப் போகும் மூடி போடுங்கள். கணப்படுப்பை அடைத்தால் அதில் ஒரு காற்றுத் துளையும் வையுங்கள், இல்லாவிட்டால் சுவரில் ஈரம் ஊறும்.

பின்சேர்க்கை: மூடி எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 1970களின் தொடக்கத்துக்கு முந்தைய வீடுகளில் பைப்புகள் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலமும் ஒரு அங்குலமும் இன்றைய 15, 28 மி.மீ. கம்ப்ரஷன் மூடிக்குப் பொருந்திவிடும். முக்கால் அங்குலம் மட்டும் 22 மி.மீ. மூடியில் உட்காராது, அதற்கென்று தனி அடாப்டர் கடையில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு கேள்வி, வால்வே இல்லாமல் எப்போதும் சூடாக இருக்கும் ஒரு ரேடியேட்டர் பற்றி. பம்ப் நின்றாலும் கரியின் சூட்டை வாங்கிக்கொள்ள வைத்தது அது. பாய்லர் போய்விட்டதால் இனி அதற்கும் வால்வு போடலாம். தண்ணீர் வடிந்திருக்கும்போதே போட்டுவிட்டால் இரண்டாம் முறை வடிக்கும் வேலை மிச்சம்.