வாவிக்கரையில் கண்டல் வளர்க்க: இடம், கன்று, காசு

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரங்களில் கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள்) நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து, 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் உயிர்தப்பிய இடங்கள் மூன்றே மூன்று. பிழையான இடத்தில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்காமல் விட்டதும்தான் பெரிய காரணங்கள். மட்டக்களப்பு நகரத்துக்குள் 50 மீற்றர் நீளக் கரைத்துண்டு ஒன்றை மீன் குஞ்சுக்கும் நண்டுக்கும் கொக்குக்கும் ஒதுக்க நினைக்கும் சங்கம் எதுவானாலும் இந்த இரண்டையும் மனதில் வைத்தே தொடங்க வேண்டும்.

முதலில் காணி. வாவிக்கரை பெரும்பாலும் அரச காணி. கிராம சேவகரிடம் தொடங்கி பிரதேச செயலகம், மாநகர சபை, கரையோரம் பேணல் திணைக்களம் என்று போய், சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சம்மதம் அந்த அதிகாரி இடமாற்றம் பெறும் நாள்வரைதான். இதைவிட முக்கியம் மீனவர் சங்கம். தோணி கட்டும் இடம், வீச்சுவலை எறியும் இடம் எதுவென்று அவர்களையே காட்டச் சொல்லி, அங்கெல்லாம் 4 மீற்றர் வெளி விடுங்கள். கேட்காமல் நட்டால் ஒரே இரவில் பிடுங்கி எறிவார்கள். அதற்காக அவர்களில் கோபப்படவும் முடியாது.

அடுத்தது தண்ணீர். இதில்தான் ஆகக் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். இங்கே வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. வாவியின் மட்டத்தைத் தீர்மானிப்பது மாரியும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும்தான். முகத்துவாரம் மூடிக் கிடக்க மழை பெய்தால் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். வெட்டிவிட்டால் மளமளவென்று இறங்கும். ஆகவே ஒரு கம்பில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு ஊன்றி, ஒரு மாரியும், கச்சான் எனும் வரண்ட காற்று வீசும் காலம் ஒன்றும் கிழமைக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பக்கத்தில் தானாக முளைத்த கண்டல் நிற்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அளந்து, அதே நாளில் அதே நேரத்தில் உங்கள் கரையிலும் அளவுங்கள். ஆழம் ஒத்துவருகிற இடத்தில் மட்டும் நடலாம். வெறுமையாகக் கிடக்கிறதே என்று சேற்றுத்திடலில் கைவைக்க வேண்டாம். வலசை வரும் உள்ளான் பறவைகள் இரை தேடுவது அங்கேதான். கடற்புல் இருக்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள்.

கண்டல் என்பது இந்த மரங்களுக்குப் பொதுப்பெயர், அவற்றில் ஓர் இனத்தின் பெயரும் அதுவே. எல்லா இடத்திலும் அந்த ஓர் இனத்தையே நடுவது இன்னொரு வழக்கமான பிழை. காய் நீளம், பொறுக்கலாம், குத்தலாம் என்ற வசதிக்காகச் செய்வது. கண்டல் அடிக்கடி தண்ணீர் நிற்கும் விளிம்புக்கு. உப்பு ஏறும் இடத்துக்குக் கண்ணா. ஆற்று நீர் கலந்து உப்புக் குறைந்த பக்கத்துக்குக் கிண்ணை. மேட்டுப் பக்கம் தில்லை. ஆனால் தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பிள்ளைகள் நடமாடும் பாதையோரத்தில் அது வேண்டாம். அதற்கும் மேலே காய்ந்த தரையில் பூவரசு, புன்னை, நாவல். நடுவே எருக்கு நின்றால் வெட்டாதீர்கள், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அதில்.

50 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், கன்றுக்குக் கன்று 1.5 மீற்றர் என்றால் ஏறக்குறைய 130 கன்று வேண்டும். நாற்றுமேடையில் 200 போடுங்கள். கண்டல் காயின் தலைப்பக்கம் வளையம் மஞ்சளாகவோ செம்மையாகவோ மாறியிருந்தால் முற்றிவிட்டது. 6×9 அங்குலப் பொலித்தீன் பையில் வாவிச் சேற்றை நிரப்பி, காயில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி குத்துங்கள். கண்ணா விதையை ஓர் இரவு ஊறவிட்டால் தோல் கழரும். அதைச் சேற்றின் மேல் அழுத்திவிட்டால் போதும், புதைத்தால் அழுகும். மேலே கிடுகுப் பந்தல் போட்டு அரை நிழல் கொடுங்கள். கடைசி மாதத்தில் வாவித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஊற்றினால் நட்ட பிறகு உப்புக்குச் சுணங்காது. இப்படி 4 முதல் 6 மாதம் வளர்த்த கன்றை நண்டு எளிதில் வெட்டாது. காயை நேரே சேற்றில் குத்தினால் அதற்குத் தீனிதான்.

நடுவதற்கு வாய்ப்பான காலம் தை பிற்பகுதியும் மாசியும். வெள்ளம் வடிந்திருக்கும், உப்பும் குறைவு, கச்சான் அடிக்குமுன் வேர் பிடித்துவிடும்.

காசு இடிப்பது இங்கேதான். அரச நிதி டிசம்பர் 31க்குள் செலவாகிவிட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் ஊடாக வரும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஏதாவது கிடைத்தாலும் அதே கதைதான், வருடக் கடைசியில் அவசரமாகச் செலவு காட்டச் சொல்வார்கள். அவர்கள் சொல்லுக்காக மார்கழி வெள்ளத்தில் நட்டால் கன்று கடலுக்குப் போய்விடும். அந்தக் காசை வேலி, பை, பந்தல் போன்ற பொருட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுகைக்கும் பராமரிப்புக்கும் வருடக் கணக்கில் கட்டுப்படாத காசு தேவை: வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள், வங்கிகளின் சமூகப் பணி நிதி, யுஎன்டிபி (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்) ஊடாக 1994 முதல் இலங்கையில் நடக்கும் உலகச் சூழல் வசதியத்தின் (GEF) சிறு மானியத் திட்டம். இந்த மானியம் தனியாளுக்குக் கிடைக்காது. பதிவுள்ள கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கோடு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பங்கு என்னவென்றும் கேட்பார்கள். அதற்குச் சிரமதான வரவுப் பட்டியல் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கட்டும். உழைப்பும் பங்காகக் கணக்கில் சேரும்.

மொத்தத்தைப் பத்தாகப் பிரித்தால் நாற்றும் நடுகையும் 3, வேலி 2, மூன்று வருடப் பராமரிப்புக் கூலி 4. பெயர்ப்பலகை, திறப்புவிழா, தேநீர் எல்லாம் சேர்த்து மிச்சமுள்ள 1க்குள் அடங்க வேண்டும். பராமரிப்பு என்ற வரியை வெட்டச் சொல்லும் கொடையாளியிடம், கன்றின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம், கூலியைக் குறைக்கமாட்டோம் என்று சொல்லுங்கள்.

அந்தக் கூலிக்கு வேலை நிறைய. மாடும் ஆடும் தளிரைக் கடிக்காமல் வேலியைப் பார்க்க வேண்டும். கன்றைச் சுற்றிய பொலித்தீனையும் அறுந்த வலைத்துண்டையும் கிழமைக்கொருமுறை கழற்ற வேண்டும். தண்டில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் கையால் மெதுவாக எடுக்க வேண்டும், கத்தி வைத்தால் பட்டை உரியும். மாரியில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மிதந்து வந்து இளங்கன்றை அமுக்கும். அதை இழுத்துக் கரையில் காயப்போடுங்கள், திரும்ப வாவிக்குள் தள்ள வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயிரோடு நிற்பவற்றை எண்ணி எழுதுங்கள். ஒரே இடத்தில் இரண்டு தரம் செத்தால் மூன்றாம் தரம் நடாதீர்கள், மட்டம் சரியில்லை.

மூன்றாம் வருட முடிவில் கன்று மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தால், வேலியைக் கழற்றி அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகலாம்.