அருவிக்குப் போற ஈஸி ட்ரெயில்ல நெறைய பேர் பண்ற தப்புகள்

ஆத்தோரமாவே நடந்து போய் அருவியப் பாத்துட்டு வேற பக்கமா சுத்தி கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ற ட்ரெயில் இருக்கே, புதுசா ட்ரெக்கிங் ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல சாய்ஸ் இல்ல. ஏத்தம் கம்மி, வழி தெளிவா இருக்கும், தண்ணி சத்தம் கூடவே வர்றதால களைப்பும் தெரியாது. ஆனா ஈஸின்னு போட்டிருக்கிறதப் பாத்ததும் பலபேர் மொத்தமா அசால்ட்டா ஆயிடறாங்க. அந்த ஈஸிங்கிறது எவ்ளோ தூரம், எவ்ளோ ஏத்தம், வழி எப்படி இருக்குன்னு பாத்து பாதைக்குப் போட்ட மார்க். ஆத்துக்கு யாரும் மார்க் போட முடியாது, அது நேத்து இருந்த மாதிரி இன்னைக்கு இருக்காது, காலையில இருந்த மாதிரி சாயங்காலம் இருக்காது. இந்த மாதிரி வழியில உயிருக்கு ஆபத்துன்னு வர்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணிகிட்டதான்.

மொதல்ல வானிலை. நம்ம தலைக்கு மேல வெயில் அடிக்குது, அதனால பிரச்சனை இல்லன்னு கிளம்பிடறோம், ஆனா ஆத்துல ஓடுறது மேல எங்கேயோ மலையில பெஞ்ச மழைத்தண்ணி, அங்க கொட்டித் தீத்துச்சுன்னா இங்க ஒரு சொட்டு கூட விழாமலே வெள்ளம் வந்து நிக்கும். அதனால ட்ரெயில் இருக்கிற இடத்துக்கு மட்டும் ஃபோர்காஸ்ட் பாக்காம ஆறு எங்கேருந்து வருதோ அந்தப் பக்கத்துக்கும் பாருங்க. மேல அணை இருந்தா தண்ணி தெறந்து விடுவாங்களான்னும் கேட்டுக்கோங்க, அதுக்கு மழையே தேவையில்ல.

இன்னொண்ணு, ஆத்தோரம் உக்காந்து சாப்பிடும்போது தண்ணிக்கு வெளிய கொஞ்சமா தலை நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு கல்லப் பாத்து வச்சுக்கோங்க. பத்து நிமிஷம் கழிச்சு அது முங்கியிருந்தா, இல்ல தெளிவா இருந்த தண்ணி கலங்கி இலையும் சுள்ளியுமா மிதந்து வந்தா, இரைச்சல் கூடினா, பை செருப்பெல்லாம் பொறுக்கிட்டு நிக்காம உடனே மேட்டுக்கு ஏறிடணும். ஆத்த ஒட்டியே கீழ ஓடுறது ரொம்பத் தப்பு, வெள்ளம் அதே வழியிலதான் வரும்.

ஆத்தக் கடக்கிற இடத்துலதான் நான் ரொம்ப நேரம் செலவழிப்பேன், நீங்களும் செலவழிங்க. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பெரியவங்க சொன்னது சரிதான், ஆனா ஆழத்தவிட வேகம் ஆபத்து. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது நம்ம மேல தர்ற அழுத்தம் நாலு மடங்காகும், அதனாலதான் முட்டிக்குக் கீழ இருக்கிற தண்ணி கூட வளந்த ஆளத் தள்ளி விட்டுடுது. எல்லாரும் குறுகலான இடத்தப் பாத்து நாலு அடிதானேன்னு இறங்குறாங்க, ஆனா ஆறு குறுகுற இடத்துலதான் ஆழமும் இழுப்பும் ஜாஸ்தி. அகலமா பரந்து, சின்னச் சின்ன அலையா சலசலன்னு ஓடுற இடம்தான் நல்லது. ஷூ நனைஞ்சிடும்னு கழட்டிட்டு வெறுங்கால்ல இறங்காதீங்க, பாசி பிடிச்ச உருண்டைக் கல்லுல வெறுங்காலுக்குப் பிடிமானமே கிடைக்காது, கூரான கல்லு கிழிக்கும், விரல் சிக்கும். பையோட இடுப்பு பெல்ட்ட அவுத்து விட்டுக்கோங்க, விழுந்தா பை உங்கள இழுத்துட்டுப் போகக்கூடாது. தண்ணி வர்ற திசையப் பாத்தபடி, ஒரு கம்ப ஊணி, பக்கவாட்டுல ஒவ்வொரு அடியா வைங்க. முட்டிக்கு மேல ஓடுதுன்னா அன்னைக்கு அவ்ளோதான், கடக்காதீங்க.

இங்கதான் வட்டமா சுத்துற ட்ரெயிலுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. போன வழியிலேயே திரும்பி வர்ற பாதையில எப்ப வேணா திரும்பிக்கலாம்னு மனசு ஒத்துக்கும். இதுல பாதிக்கு மேல வந்துட்டா இனி முன்னாடி போறதுதான் பக்கம்னு தோணும், அந்த நெனப்புல கடக்கக்கூடாத தண்ணியிலயும் இறங்கிடறாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே மேப்ல ஆத்தக் கடக்கிற இடம் எங்க வருதுன்னு பாத்து, அது சீக்கிரமா வர்ற மாதிரி எந்தப் பக்கம் சுத்தலாம்னு முடிவு பண்ணுங்க. அங்க தண்ணி ஜாஸ்தியா இருந்தா திரும்பி நடக்க வேண்டிய தூரமும் கம்மிதான். செங்குத்தான ஈரப் படிக்கட்டு மாதிரி பகுதி இருந்தா அதுல ஏறுற மாதிரி பாத்துக்கோங்க, வழுக்குறதெல்லாம் இறங்கும்போதுதான் ஜாஸ்தி.

நேரக் கணக்குலயும் கோட்டை விடுவாங்க. 1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்னும் புழக்கத்துல இருக்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏத்தம்னா கிட்டத்தட்ட 2 மணி 6 நிமிஷம். இது நிக்காம நடக்கிறவங்களுக்கு. குழந்தைங்க, ஃபோட்டோ, அருவியில ஒரு மணி நேரம்னு சேத்தா சாதாரணமா அஞ்சு மணி நேரம் ஆயிடும். ரெண்டு பக்கமும் மலை இருக்கிற பள்ளத்தாக்குல வெளிச்சமும் சீக்கிரமே போயிடும், பகல் பயணம்தானேன்னு டார்ச்ச விட்டுட்டுப் போகாதீங்க.

அருவிகிட்ட வந்தாச்சுன்னா, தயவுசெஞ்சு அதோட உச்சிக்கு ஏறி விளிம்புல நிக்காதீங்க. மேல தண்ணி அமைதியா ஓடுற மாதிரிதான் தெரியும், அடியில பாறை வழவழன்னு பாசி, கால் சறுக்கினா பிடிச்சுக்க ஒண்ணுமே இருக்காது. கீழ விழுற இடத்துக்கு நேரா நிக்கிறதும் வேண்டாம், தண்ணியோட கல்லும் கட்டையும் வரும். வெள்ளையா நுரைச்சுக்கிட்டு இருக்கிற தண்ணியில காத்து கலந்திருக்கிறதால அது ஆள மெதக்க வைக்காது, நல்லா நீச்சல் தெரிஞ்சவங்க கூட அதுல உள்ள போயிடறாங்க, அடியில சுழல் வேற இழுக்கும். மேலேருந்து குதிக்கிறதப் பத்தி சொல்லவே வேண்டாம், போன வாரம் ஆழமா இருந்த இடத்துல இந்த வாரம் பாறை வந்து கெடக்கலாம்.

ஃபோன் விஷயம். பள்ளத்தாக்குல சிக்னல் தேடித் தேடியே பேட்டரி காலியாயிடும், மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டு ஏரோப்ளேன் மோட்ல போட்டுடுங்க. எந்த வழி, எத்தன மணிக்குள்ள வருவோம்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. அருவி இரைச்சல்ல கத்தினா பத்தடி தள்ளி நிக்கிறவருக்குக் கூட கேக்காது, அதனால ஆளுக்கொரு விசில் வச்சுக்கோங்க.

ஜீன்ஸ் நனைஞ்சா காயவே காயாது, கனமும் குளிரும்தான் மிச்சம். கூடுதலா ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கோங்க, ஈர சாக்ஸோட நடந்தா கொப்புளம் நிச்சயம். ஓடுற தண்ணி சுத்தம்னு நம்பி குடிச்சிடாதீங்க, மேல ஏதாவது மிருகம் செத்துக் கெடந்தாலோ சாணி போட்டிருந்தாலோ நமக்குத் தெரியாது, பாக்க கண்ணாடி மாதிரி இருந்தாலும் கிருமி இருக்கும், ஒரு நிமிஷம் நல்லா கொதிக்க விட்டுதான் குடிக்கணும். அட்டை கடிச்சா நெருப்பு வைக்காதீங்க, உப்பு போடாதீங்க, அப்படிப் பண்ணா அது வயித்துல இருக்கிறத காயத்துக்குள்ளயே கக்கிடும். நகத்தால பக்கவாட்டுல நெம்பி எடுத்தா வந்துடும், ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் சோப்பு, ஷாம்பூ. ஆத்துலயே தேச்சு குளிக்கிறத நிறுத்துங்க, இயற்கைச் சோப்புன்னு போட்டிருந்தாலும் தண்ணிக்குள்ள வேண்டாம், மீனுக்கும் தவளைக்கும் அதுதான் வீடு. கரையிலேருந்து ஒரு 60 மீட்டராவது தள்ளிப் போங்க, பாத்ரூம் போறதுக்கும் இதே தூரம்தான், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிட்டு வாங்க.