பழைய ஃபோர்க்கில் எடுத்த கோட்டம்

பள்ளத்தில் இறங்கியதில் சைக்கிளின் முன் ரிம் வளைந்துவிட்டது. புது ரிம் வாங்கி 32 கம்பிகளையும் நானே கோர்த்தேன். சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்க்க ஸ்டாண்டு? பழைய இரும்புக்கடையில் கிடைத்த ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டைத் தலைகீழாகப் பலகையில் இறுக்கி, அதன் காலில் டியூப் ரப்பரால் ஓர் ஆணியைக் கட்டினேன், அவ்வளவுதான்.

முதல் தடவை வால்வு ஓட்டைக்கு மேலேயே கம்பிகள் குறுக்கிட்டன, பம்ப் நுழையவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, இடம் தள்ளிக் கோர்க்க ஒரு மாலை போயிற்று.

அப்புறம் கோட்டம், அதாவது ரிம்மின் நெளிவை எடுக்கும் வேலை. ஆணி உரசும் இடத்தில் எதிர்ப்பக்க நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு திருகு) கால் சுற்று இறுக்கினால் ரிம் விலகும். அவசரப்பட்டு அரைச் சுற்று திருகி மறுபக்கம் வளைத்ததும் உண்டு. கடைசியில் சக்கரத்தைத் திருப்பி மாட்டினேன். ஆணி இடைவெளி 2 மில்லிமீட்டர் மாறியது. அப்படியென்றால் ரிம் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. ஒரு பக்கத்து 16 நிப்பிள்களையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் சரியானது.