காரைக்குடிப் பக்கம் காய்ச்சல் பரவும்போது ஃப்ளூ ஊசி போடலாமா?

ஊரில் ஃப்ளூ பரவிய பின் ஊசி எதற்கு என்று கேட்பவர்கள், எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும் என்பதையும், பரவல் அதற்கு மேலும் நீடிக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த பேரன், வளவுத் (உள்முற்றத்துத்) தூணில் சாய்ந்திருக்கும் ஆயாவின் அருகில் அமர்ந்து இருமினாலே போதும். முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயோ ஆஸ்துமாவோ உள்ளோர் ஆகியோருக்கு ஃப்ளூ எளிதில் நிமோனியாவாக முற்றக்கூடும் என்பதால், அவர்கள் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 6 மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. சுற்றியிருப்போர்தாம் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பு இதே ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். சென்ற ஆண்டு போட்டது இவ்வாண்டுக்குப் போதாது.